இருபத்தொன்பது கண்கள்

கண்புரை அறுவை என்றால் இன்று யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. மங்கிப்போன கண்வில்லையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்துவது, கைதேர்ந்த மருத்துவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலையாகிவிட்டது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படித்துக் காட்டி மகிழும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதனினும் குறைவானவர்களுக்கு, அறுவை முடிந்த சில நாட்களில் அந்தக் கண் சிவக்கிறது, வலிக்கிறது, தெளிந்த பார்வை மீண்டும் மங்குகிறது. கண்ணுக்குள் பாக்டீரியா புகுந்து பெருகத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள். மருத்துவர்கள் இதனை எண்டாஃப்தால்மைட்டிஸ் என்பர். உள்விழி அழற்சி என்று நாம் சொல்லலாம். உடனே கண்டறிந்து கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்தினாலும் பலருக்கு முழுப் பார்வை திரும்புவதில்லை. சிலருக்குக் கண்ணையே அகற்ற நேர்கிறது.

என் தாயாருக்கு வலக்கண் கிளாக்கோமாவினால் பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. மிஞ்சியிருந்த இடக்கண்ணிலும் புரை முற்றியபோது, "பயப்படாதீங்கம்மா, ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வர்றதில்ல" என்று மருத்துவர் தேற்றினார். இரண்டு கண் உள்ளவருக்கு அது நல்ல ஆறுதல். ஒரே கண் உள்ளவருக்கு அந்த 'ஆயிரத்தில் ஒன்று' வேறுவிதமாகக் கேட்கிறது. அறுவைக்கு மூன்று நாள் முன்பிருந்தே போடும்படி ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே ஓர் ஆன்டிபயாடிக் மருந்து செலுத்துவோம் என்றும் சொன்னார்கள். இவற்றுள் எது எவ்வளவு காப்பாற்றுகிறது? அதை யார், எப்படி எண்ணிப் பார்த்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடையாக எல்லோரும் சுட்டிக்காட்டும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. கண்புரை அறுவை மருத்துவர்களின் ஐரோப்பியச் சங்கம் 2003இல் தொடங்கி நடத்தியது. டப்ளின் நகர மருத்துவர் பீட்டர் பாரி முன்னின்று எழுதிய முழு அறிக்கை 2007இல் வெளிவந்தது. அதைத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளில் பிழை தேடிப் பழகிய கண்ணோடுதான் படித்தேன். அந்த அறிக்கையின் சிறப்பையும், அதன் குறைகளையும், அதைப் படித்தவர்கள் அதன் தலையில் ஏற்றிய வேண்டாத முடிவுகளையும் இங்கே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இரண்டு கேள்விகள், நான்கு குழுக்கள்

முதலில் சிறப்பு. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 24 மருத்துவமனைகள் இதில் கலந்துகொண்டன. 16,603 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இறுதிக் கணக்கில் 16,211 பேர். ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு. அறுவை முடிந்தவுடன் செஃப்யூராக்சிம் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தை ஒரு மில்லிகிராம் அளவில் கண்ணின் முன் அறையில் செலுத்தினால் நோய் குறைகிறதா? அறுவைக்குச் சற்று முன்னும் பின்னும் லீவோஃபிளாக்சசின் சொட்டு மருந்து போட்டால் குறைகிறதா?

இரண்டுக்கும் தனித்தனியே ஆராய்ச்சி நடத்தினால் நோயாளிகள் இருமடங்கு வேண்டும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதற் குழுவுக்கு இரண்டும் இல்லை. வெற்றுச் சொட்டு மட்டும். இரண்டாம் குழுவுக்கு ஊசி மட்டும். மூன்றாவதற்குச் சொட்டு மருந்து மட்டும். நான்காவதற்கு இரண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 4,050 பேர். இப்போது முதல், மூன்றாம் குழுக்களை ஒரு பக்கமும் மற்ற இரண்டை மறுபக்கமும் வைத்தால் ஊசியின் பயன் தெரியும். வேறு விதமாகக் கூட்டினால் சொட்டு மருந்தின் பயன் தெரியும். ஒரே தராசில் ஒரே எடைக்கற்களைக் கொண்டு இரண்டு பொருள்களை நிறுத்தது போன்றது இது. இந்த அமைப்பின் அழகை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

விளைவு என்ன? நான்கு குழுக்களிலும் நோய் கண்டவர்கள் முறையே 14, 3, 10, 2 பேர். ஆகமொத்தம் 29. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, கடைசியில் கையில் எஞ்சியது இருபத்தொன்பது கண்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் கண்புரை அறுவையின் வழக்கத்தையே மாற்றிய முடிவு, இந்த இருபத்தொன்பது கண்களின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு சிறிய எண்ணிக்கை தாங்குமா என்று நீங்கள் கேட்கலாம். கதிரியக்கத்தை கைகர் எண்ணியால் எண்ணிய மாணவர்களுக்கு இதற்கு விடை தெரியும். தற்செயலாக நிகழும் நிகழ்ச்சிகளை எண்ணும்போது, எண்ணிக்கை 100 ஆனால் அதில் ஏறக்குறைய 10 வரை தற்செயலாகவே ஏறும் இறங்கும். 25 ஆனால் 5. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அந்த ஊசலாட்டத்தின் அளவு. இதே விதியை இங்கே போட்டுப் பாருங்கள். ஊசி போடாத இரு குழுக்களில் 14உம் 10உம் சேர்ந்து 24 பேர். ஊசி போட்டவர்களில் 3உம் 2உம் சேர்ந்து 5 பேர். வேறுபாடு 19. மொத்தம் 29இன் வர்க்கமூலம் 5.4. ஆகவே கண்ட வேறுபாடு, தற்செயலாக வரக்கூடிய ஊசலாட்டத்தைப் போல மூன்றரை மடங்கு. ஊசிக்கு எந்தப் பயனும் இல்லாமல் வெறும் அதிர்ஷ்டத்தால் இப்படி வருவது மிக அரிது. ஊசி வேலை செய்கிறது.

இனிச் சொட்டு மருந்து. போடாதவர்களில் 14உம் 3உம் சேர்ந்து 17. போட்டவர்களில் 10உம் 2உம் சேர்ந்து 12. வேறுபாடு 5. அதே 5.4 இங்கும் ஊசலாட்டம். வேறுபாடு ஊசலாட்டத்தைவிடச் சிறியது. எதுவும் சொல்வதற்கில்லை.

இந்த இரு கணக்குகளையும் என் வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். "அப்படியானால் சொட்டு மருந்து வீண்தானே, சார்?" என்றான் ஒரு மாணவன். படித்த மருத்துவர்களே பலர் எழுதிய முடிவும் இதுவே. நான் வேறுபடுவது இங்கேதான்.

'எதுவும் தெரியவில்லை' என்பது வேறு. 'எதுவும் இல்லை' என்பது வேறு. 17க்கும் 12க்கும் உள்ள விகிதம் உண்மையானதாகவே இருக்கட்டும். அதாவது சொட்டு மருந்து பத்தில் மூன்று பேரைக் காப்பாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதை ஊசலாட்டத்தின் இருமடங்குக்கு மேல் எடுத்துக்காட்ட 29 நோயாளிகள் போதாது. ஏறக்குறைய 135 பேர் வேண்டும். அந்த 135 பேர் தேறுவதற்கு 75,000 அறுவைகளை எண்ண வேண்டும். ஐரோப்பியர் எண்ணியது 16,211. பத்தில் மூன்று கண்களைக் காக்கும் மருந்து ஒன்றும் அற்பமானதன்று. அப்படி ஒரு பயன் இருந்தாலும் இந்த ஆராய்ச்சியின் வலையில் அது சிக்கியிருக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர்கள் சோதித்தது மொத்தம் ஐந்து சொட்டுகள்: அறுவைக்கு ஒரு மணி முன்பு ஒன்று, அரை மணி முன்பு ஒன்று, முடிந்ததும் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று. என் தாயாருக்கு எழுதித் தந்த மூன்று நாள் சொட்டு மருந்தைப் பற்றி அந்த அறிக்கை சாதகமாகவும் பேசவில்லை, பாதகமாகவும் பேசவில்லை. அறுவைக்கு மறுநாளிலிருந்து போடும் சொட்டு மருந்தைப் பற்றியும் அது பேசவில்லை. ஏனெனில் அதை நான்கு குழுவினரும் ஆறு நாள் போட்டுக்கொண்டார்கள்.

ஊசிக்கு உள்ள ஆற்றல் சொட்டு மருந்துக்கு இருக்க வாய்ப்பில்லை என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. இது என் பாடத்தைச் சேர்ந்தது. ஆதலால் சற்று நின்று சொல்கிறேன். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 40 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். இமைகளுக்கிடையே கொள்ளக்கூடியது அதிகம் போனால் 30. மீதி கன்னத்தில் வழிகிறது. நின்றதிலும் பெரும்பகுதி சில நிமிடங்களில் மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. கருவிழியின் படலத்தைக் கடந்து உள்ளே சேர்வது மிகச் சிறு பங்கு. ஊசியோ நேரே உள்ளே போகிறது. முன் அறையின் கொள்ளளவு கால் மில்லிலிட்டர் அளவுதான். அதில் ஒரு மில்லிகிராம் மருந்து என்பது பாக்டீரியாவைத் தடுக்கத் தேவையானதைப் போலப் பல நூறு மடங்கு அடர்த்தி. கண்ணுக்குள் சுரக்கும் நீர் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று மைக்ரோலிட்டர். எனவே முன் அறையின் நீர் முழுவதும் புதிதாக மாற ஏறக்குறைய நூறு நிமிடம் பிடிக்கும். கதிரியக்கச் சிதைவு போலவே மருந்தின் அடர்த்தியும் படிப்படியாகத் தேயும். ஐந்து மணி நேரம் கழித்து இருபதில் ஒரு பங்கு மிஞ்சும். அப்போதும் அது வேலைக்குப் போதும். இது வெறும் காகிதக் கணக்கு. காயத்தின் வழியே கசிவு இருந்தால் இன்னும் விரைவில் தேயும். ஆயினும் கிருமி உள்ளே நுழைந்த முதற் சில மணி நேரங்களில்தான் போர் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அறிக்கையின் குறைகள்

இனி அந்த அறிக்கையின் குறைகளுக்கு வருவோம்.

சொட்டு மருந்தில் எது மருந்து, எது வெற்றுச் சொட்டு என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஊசியில் அப்படிச் செய்யவில்லை. வெறும் உப்புநீரைக் கண்ணுக்குள் செலுத்துவது அறநெறிக்கு ஒவ்வாது என்று விட்டுவிட்டார்கள். நியாயமே. ஆனால் யாருக்கு ஊசி போட்டோம், யாருக்குப் போடவில்லை என்பது அறுவை செய்தவருக்குத் தெரியும். கண் சற்றுச் சிவந்தால் 'இது அதுவாக இருக்குமோ' என்று ஐயுறும் மனம், ஊசி போடாதவரிடம் கொஞ்சம் விரைவாக ஐயுறும். இதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை. ஏனென்றால் ஆய்வுக்கூடச் சோதனையில் கிருமி உறுதியானவர்களை மட்டும் எண்ணினாலும் 17க்கு 3 என்றே வருகிறது.

பெரிய குறை வேறு. ஊசியின் பயன் தெளிவாகத் தெரிந்ததும் 2006 ஜனவரியில் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். மனிதாபிமானத்தில் இது சரியே. பயன் தெரிந்த பிறகும் பாதிப் பேருக்கு மருந்தை மறுப்பது கொடுமை. ஆனால் எண்ணிக்கை நமக்குச் சாதகமாக உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எண்ணுவதை நிறுத்தினால், கிடைக்கும் விகிதம் உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். 'ஊசி நோயை ஐந்தில் ஒன்றாகக் குறைக்கிறது' என்று எங்கும் எழுதுகிறார்கள். அறிக்கையில் உள்ள எண் 4.92. அதனருகிலேயே, உண்மை மதிப்பு 1.87இலிருந்து 12.9 வரை எங்கும் இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. இருமடங்குக்கும் குறைவா, பன்னிரண்டு மடங்கா என்றே தெரியாத ஓர் அளவை, இரண்டு தசம தானத்துக்குச் சொல்லும் மாணவனின் பதிவேட்டில் நான் சிவப்பு மையால் கோடிடுவேன். அறிக்கையை எழுதியவர்கள் எல்லைகளை மறைக்கவில்லை. எடுத்து எழுதியவர்கள்தாம் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு குறை நுட்பமானது. அதே அறிக்கையில், கருவிழிப் படலத்தில் வெட்டுப் போட்டு அறுவை செய்தவர்களுக்கு, வெண்விழியில் சுரங்கம்போல் வழி அமைத்துச் செய்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 5.88 மடங்கு என்று ஓர் எண் வருகிறது. ஊசியின் 4.92ஐக் காட்டிலும் பெரிய எண். ஆனால் இரண்டும் ஒரே தரத்தவை அல்ல. ஊசி யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. வெட்டு எங்கே என்பதை மருத்துவரே தீர்மானித்தார். ஒருவகை வெட்டைப் போட்டவர்களும் மறுவகையைப் போட்டவர்களும் வெவ்வேறு மருத்துவமனைகளில், வெவ்வேறு பழக்கங்களோடு இருந்திருக்கலாம். ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகிவிட்டதால் இரண்டும் சமமான உண்மைகளாகிவிடா.

ஆனாலும் அந்த எண்ணின் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது. தையலில்லாத வெட்டு சரிவாகப் போடப்படுகிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், 15 மில்லிமீட்டர் பாதரசம் அளவு, உள் உதட்டை வெளி உதட்டோடு அழுத்தி மூடிவைக்கிறது. சைக்கிள் டியூபின் வால்வு போல. அறுவை முடிந்த சில மணி நேரங்களில் கண் அழுத்தம் இறங்கினால் அந்த உதடுகள் விலகுகின்றன. அப்போது இமையை இறுக மூடித் திறந்தாலே வெளியிலுள்ள கண்ணீர் உள்ளே உறிஞ்சப்படலாம். ஆய்வுக்கூடத்தில் கண்களின் மேல் இந்திய மை விட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, மை உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார்கள். நீண்ட சுரங்க வழியில் இந்த ஆபத்து குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஐயம். ஊசி போடாத ஐரோப்பியர்களில் நோய் கண்டது ஆயிரத்துக்கு மூன்று பேர். இது மிக அதிகம். "எங்கள் நாட்டில் இதில் பாதிகூட இல்லை. ஊசி போட்டு நீங்கள் வந்து சேர்ந்த இடத்தின் அருகில் நாங்கள் ஊசியில்லாமலே இருக்கிறோம்" என்ற தோரணையில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் மறுத்தனர். இந்த மறுப்பை ஐரோப்பிய அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முறியடிக்க முடியாது.

நியூயார்க்கின் இரண்டு அறைகள்

ஊசிக்கு இவ்வளவு கடுமையாகச் சாட்சி கேட்கும் மருத்துவ உலகம், தான் அன்றாடம் செய்யும் இன்னொன்றுக்கு எவ்வளவு சாட்சி வைத்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

நோயை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதன்று. நோயாளியின் இமையோரத்திலும் இமைக்குள்ளும் இயல்பாகக் குடியிருப்பதுதான். 1991இல் ஸ்பீக்கர் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 17 நோயாளிகளின் கண்ணுக்குள் இருந்த பாக்டீரியாவையும் வெளியே இருந்த பாக்டீரியாவையும் ஒப்பிட்டனர். 14 பேரிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே அறுவைக்கு முன் இமைக்குள் பொவிடோன் அயோடின் விடுகிறார்கள். இன்று இதைச் செய்யாத கண் மருத்துவமனை இராது.

இதற்கு அடிப்படையான ஆராய்ச்சியும் அதே 1991இல் அதே ஸ்பீக்கர் வெளியிட்டதுதான். நியூயார்க்கில் ஒரு கண் மருத்துவமனையில் அறுவைக்கூடங்கள் இரண்டு தொகுதிகளாக இருந்தன. ஒன்றில் 5 விழுக்காடு பொவிடோன் அயோடின். மற்றதில் அதுவரை வழக்கத்தில் இருந்த வெள்ளிப் புரதக் கரைசல். பதினொரு மாதத்தில் 8,083 அறுவைகள். அயோடின் பக்கம் 2 பேருக்கு நோய். வெள்ளி பக்கம் 11 பேருக்கு. விழுக்காட்டில் 0.06உம் 0.24உம். குலுக்கல் இல்லை. இரண்டு அறைத் தொகுதிகளில் அயோடினைத் தவிர வேறு எத்தனையோ வேறுபாடுகள் இருக்கலாம். பதின்மூன்று கண்கள்! ஐரோப்பியரின் இருபத்தொன்பதில் பாதிகூட இல்லை.

அயோடினை விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இமைமேலுள்ள பாக்டீரியா அதனால் மளமளவென்று குறைவதை எளிய வளர்ப்புச் சோதனையிலேயே காணலாம். அதற்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவும் தலைதூக்கவில்லை. நீர் சேர்த்துக் கரைசலின் வலுவைக் குறைத்தால் கட்டற்ற அயோடின் கூடி, சில வேளைகளில் இன்னும் விரைவாகக் கொல்கிறது என்பது வேதியியல் மாணவர்கள் அறிந்து மகிழவேண்டிய விந்தை. நான் சொல்ல வருவது ஒன்றே: நமக்குப் பழகிப்போன மருந்துக்குப் பதின்மூன்று கண்கள் போதும் என்கிறோம், புதிய மருந்துக்கு இருபத்தொன்பது போதாது என்கிறோம். அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா?

மதுரையின் எண்ணிக்கை

அமெரிக்கர்களின் மறுப்புக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிற்காலத்தில் பல ஊர்களில் கிளைத்துப் பெருகியது. அதன் பத்து மருத்துவமனைகளில் 2014 ஜனவரியிலிருந்து 2016 மே வரை நடந்த 6,17,453 கண்புரை அறுவைகளின் கணக்கை மருத்துவர்கள் ஹரிப்பிரியா, ரவீந்திரன் ஆகியோரும் அமெரிக்க மருத்துவர் டேவிட் சாங்கும் 2017இல் வெளியிட்டனர். இவர்கள் செலுத்தியது செஃப்யூராக்சிம் அன்று, மாக்சிஃபிளாக்சசின். மதுரையிலேயே ஆரோலேப் தயாரிப்பது.

ஊசியில்லாமல் நடந்த 3,02,815 அறுவைகளில் 214 பேருக்கு நோய். ஊசியோடு நடந்த 3,14,638 அறுவைகளில் 64 பேருக்கு. அதாவது 0.07 விழுக்காடு 0.02 ஆகக் குறைந்தது. நம் வர்க்கமூலக் கணக்கைப் போட்டால், கண்ட வேறுபாடு ஊசலாட்டத்தைப் போல ஒன்பது மடங்கு. தற்செயல் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. ஊசியில்லாமலே ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த இடத்தில்கூட ஊசி மேலும் குறைத்தது என்பதுதான் இதில் முக்கியம். அறுவையின்போது வில்லையின் பின்னுறை கிழிந்துவிட்ட சிக்கலான கண்களிலும் 0.48 விழுக்காடு 0.21 ஆகியது.

உடனே கைதட்டிவிடாதீர்கள். எண்ணிக்கையில் வரும் பிழை இருவகை என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஒழுங்கற்ற பிழை, மேலும் மேலும் எண்ணினால் தேயும். முறையான பிழை, எவ்வளவு எண்ணினாலும் தேயாது. தராசின் முள்ளே கோணலாக இருப்பது போன்றது. மதுரையில் முதல் வகைப் பிழை ஏறக்குறைய இல்லை. இரண்டாவது வகை இருக்கலாம். இங்கே குலுக்கல் இல்லை. ஊசி வழக்கத்துக்கு வருமுன் இருந்தவர்களையும் வந்தபின் இருந்தவர்களையும் பெரும்பாலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இடைக்காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருந்தால் அந்தப் புகழும் ஊசிக்கே போய்ச்சேரும். தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து முகாம் வழியாக வந்த ஏழை நோயாளி, கண் கெட்டபின் திரும்பி வராமலே இருந்துவிட்டால் அவர் கணக்கில் ஏறவே மாட்டார் என்றும் சிலர் கூறுவர். இந்தக் கடைசி எதிர்வாதம் வலுவற்றது. இரண்டு காலத்திலும் பத்தில் இரண்டு பேர் விடுபட்டுப்போனாலும் இரு எண்களும் ஒரே விகிதத்தில் குறையும். அவற்றின் ஒப்பு மாறாது.

ஈர்ப்பு முடுக்கத்தைத் தனி ஊசலாலும் கூட்டு ஊசலாலும் அளந்து, இரண்டும் நெருங்கி வந்தால்தான் மாணவன் நிம்மதியடைகிறான். ஒன்றன் பிழை மற்றதில் இல்லை என்பதால்தான் அந்த நிம்மதி. ஐரோப்பாவில் குலுக்கல் இருந்தது, எண்ணிக்கை இல்லை. மதுரையில் எண்ணிக்கை இருந்தது, குலுக்கல் இல்லை. மருந்து வேறு, நாடு வேறு, அறுவை முறையும் பாதிக்கு மேல் வேறு. ஒன்றில் ஐந்து மடங்கு, மற்றதில் மூன்றரை மடங்கு. மூன்றரை என்பது 1.87க்கும் 12.9க்கும் நடுவில் வசதியாக அமர்ந்திருக்கிறது.

ஆனால் 'மடங்கு' என்ற சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. ஐரோப்பியக் கணக்குப்படி ஒரு கண்ணைக் காக்க 425 பேருக்கு ஊசி போட வேண்டும். மதுரைக் கணக்குப்படி 2,000 பேருக்கு. ஊசியில் ஒரு சிறு தவறு 2,000இல் ஒருவருக்கு நேர்ந்தாலே கிடைத்த இலாபம் அனைத்தும் போய்விடும். இது வெறும் அச்சமன்று. தூளாக வரும் செஃப்யூராக்சிமை அறுவைக்கூடத்தில் நீர் சேர்த்துக் கலக்கும்போது அளவு தவறி விழித்திரை பாதிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. துருக்கியில் கலக்கிய கரைசலிலேயே பூஞ்சை சேர்ந்து, காக்க வந்த மருந்தே நோயைக் கொண்டுவந்தது. வான்கோமைசின் என்னும் மருந்தைச் செலுத்திய சிலருக்கு விழித்திரை இரத்தக் குழாய்கள் அடைபட்டுப் பார்வை போனதால், 2017இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. ஒருவருக்கு ஒரு குப்பி என்று அளவாகத் தயாரித்த மருந்து 2012இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றதும், மதுரையில் கலக்கத் தேவையில்லாத மருந்தையே கையாண்டதும் இந்த 2,000க்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால்தான் பொருள் பெறுகின்றன.

முகாம்களில் நேரும் கொடுமைகளையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2021 நவம்பரில் பீகாரின் முசாபர்பூரில் ஒரே நாளில் 65 பேருக்கு நடந்த அறுவைக்குப் பின் பலருடைய கண்ணையே அகற்ற நேர்ந்தது. ஒரே நாளில், ஒரே மேசையில் கொத்தாக வரும் நோய் இமையோரக் கிருமியால் வருவதன்று. கருவியிலோ கழுவும் நீரிலோ மருந்திலோ கிருமி கலந்திருந்தாலே அப்படி வரும்; சூடோமோனாஸ் போன்ற கொடிய இனங்களே பெரும்பாலும் காரணம். செஃப்யூராக்சிம் சூடோமோனாஸைத் தொடுவதே இல்லை. 'இப்போது எல்லாரும் ஊசி போடுகிறார்களே, இனிப் பயமில்லை' என்று செய்தித்தாள் எழுதினால் நம்பாதீர்கள். கொதிகலத்தின் வெப்பமும் அழுத்தமும் சரியாக இருந்தனவா என்று அன்றன்று பதிவேட்டில் எழுதுவதுதான் அங்கே மருந்து.

என் தாயாரின் கதையை முடித்துவிடுகிறேன். அறுவைக்கு முன், "இமைக்குள் அயோடின் எவ்வளவு நேரம் விட்டுவைப்பீர்கள்? உள்ளே செலுத்தும் மருந்து கலக்க வேண்டியதா, கலந்தே வருவதா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் விடை சொன்னார், குப்பியையும் காட்டினார். "மூன்று நாள் சொட்டு மருந்து எதற்கு, டாக்டர்?" என்றும் கேட்டேன். "ரொம்ப நாளா அப்படித்தான் எழுதறோம்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. இருப்பது ஒரு கண். மூன்று நாளும் வேளை தவறாமல் நானே போட்டுவிட்டேன்.